லியோனார்ட் எழுதிய காட்டேரி

அடைக்கலமேரியை அவள் கணவன் ராயபுரத்துக்குக் கொண்டுவந்து விட்டது நாற்பத்தேழாம் வருஷத்து மழைக்காலத்தில். "ஒரு மாசம் அம்மா வூட்ல குந்திகினு ஒடம்ப தேத்திக்கோ. நானே வந்து இட்டுகினு போறேன்" என்றான். ஜட்கா வண்டியை விட்டு அவன் இறங்கக்கூட இல்லை. தண்டையார்பேட்டைப் பக்கம் திரும்பிய வண்டியைத் தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் பெயர் லூர்துசாமி. துறைமுகத்தில் குமாஸ்தா. அதற்குப் பிறகு அவன் வரவேயில்லை.

அவளுக்கு இருமல். இருமிய கைக்குட்டையில் ஒரு நாள் ரத்தம் வந்ததை அவன் பார்த்துவிட்டான். அவ்வளவுதான் அந்தக் கல்யாணம். ஆனால் கோயிலில் பாதிரியார் முன்னால் கட்டிய தாலி அது. அவன் உயிரோடு இருக்கும்வரை அவள் அவன் மனைவிதான். வேறு யாருக்கும் எதுவாகவும் ஆக முடியாது.

அப்பா லியோனார்ட் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர், இறந்துபோய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மா நத்தாலி, அண்ணன் அருள்பிரகாசம், அவன் மனைவி ஃப்ளோரா, அவர்களுடைய கைக்குழந்தை. அண்ணன் பேசின் பிரிட்ஜில் ரயில் எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டர். டாக்டர் க்ஷயம் என்று சொன்னதும் எல்லோர் கண்களும் அந்தக் குழந்தை மேல் போயின. அடைக்கலமேரியும் அதைத்தான் பார்த்தாள். "நான் மேல போயிடறேன்" என்று அவளே சொன்னாள்.

மொட்டை மாடியில் அப்பா புறா வளர்த்த கொட்டகை ஒன்று இருந்தது. அதைச் சுத்தம் செய்து, புதுக் கீற்று வேய்ந்து, ஒரு கட்டில் போட்டார்கள். நல்ல காற்று வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காற்றுக்குக் குறைவில்லை. ஒரு பக்கமிருந்து கடல் காற்று வரும். அது திரும்பினால் பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸ் புகை வரும். காலையில் போர்வையைத் தடவினால் விரலில் கரி ஒட்டும்.

அம்மா படியின் உச்சியில் அலுமினியத் தட்டை வைத்துவிட்டு, சுவரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கீழே இறங்கிவிடுவாள். அதன் பிறகுதான் இவள் போய் எடுக்க வேண்டும். அம்மா கல்நெஞ்சக்காரி அல்ல. சாயந்தரம் படியின் நடுவில் உட்கார்ந்து, மேலே பார்க்காமல், ஜெபமாலையை உரக்கச் சொல்வாள். பாதி மந்திரம் அவள் சொல்வாள், மீதியை மகள் மேலேயிருந்து சொல்லி முடிப்பாள். அப்படித்தான் தாயும் மகளும் பேசிக்கொண்டார்கள்.

மாடிக் கைப்பிடிச் சுவர் வரைதான் அவளுக்கு ஊர். அங்கே நின்றால் கோயில் கோபுரமும், கப்பல்களின் புகைபோக்கிகளும், கீழே எதிர்வரிசையில் கிருஷ்ணப்பனின் முடிவெட்டும் சலூனும் தெரியும். யாராவது அண்ணாந்து பார்த்தால் இவள் பின்வாங்கிக்கொள்வாள். தெருப் பிள்ளைகள் அந்த வீட்டைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

பொழுது போகட்டும் என்று அருள்பிரகாசம் பத்திரிகைகள் வாங்கி வந்து படியில் வைப்பான். அவற்றில் ஒன்று 'மாய முத்து'. மந்திரவாதி, மண்டையோடு, பேய் என்று மாதம் இருமுறை வரும். அதில் ஒரு காட்டேரிக் கதை வந்திருந்தது. அந்தக் காட்டேரி கோரைப் பல்லைக் காட்டிச் சிரித்தது, ரத்தத்தைக் குடித்தது, மறுபடி சிரித்தது. அடைக்கலமேரிக்கு எரிச்சல் வந்தது. வாயில் ரத்தத்தின் ருசி எப்படி இருக்கும் என்று எழுதியவனுக்குத் தெரியவில்லை. துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல இருக்கும். அந்த ருசியோடு ஒருத்தி சிரிக்க மாட்டாள். யாரும் பார்த்துவிட்டார்களா என்றுதான் முதலில் சுற்றிப் பார்ப்பாள்.

கான்வென்டில் எட்டாவது வரை படித்தவள். எழுத்து நன்றாக வரும். அண்ணனிடம் காகிதம் கேட்டாள்.

அவள் எழுதிய கதையில் வஞ்சிக்கொடி என்று ஒரு உப்பு வியாபாரியின் மகள். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய அந்நிய மாலுமி ஒருவனுக்கு இரக்கப்பட்டுத் தண்ணீர் கொடுக்கப் போகிறாள். அவன் அவள் கழுத்தைக் கடித்துவிடுகிறான். அன்று முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, சாவும் வரவில்லை. ஊர் அவளைக் கடற்கரையில் இடிந்த கோட்டை ஒன்றுக்குள் விரட்டிவிட்டது. கலங்கரை விளக்கில் விளக்கேற்றும் மாறன் மட்டும் தினமும் கோட்டைக் கதவுக்கு வெளியே வந்து உட்கார்ந்து பேசுகிறான். "என் மூச்சு உன்னிடம் வரட்டும், உன் வாசனை என்னிடம் வர வேண்டாம், வந்தால் தாகம் எடுக்கும். காற்று போகிற பக்கம் பார்த்து உட்கார்" என்று அவள் உள்ளேயிருந்து சொல்கிறாள். அவன் இடம் மாறி உட்காருகிறான். முதல் அத்தியாயம் அங்கே முடிந்தது.

அருள்பிரகாசம் அதை வேலைக்குப் போகும் வழியில் வண்ணாரப்பேட்டையில் 'மாய முத்து' அச்சகத்தில் கொடுத்தான். ஆசிரியர் நீலமேகம் படித்துவிட்டு, "யாருய்யா எழுதினது?" என்று கேட்டார். அண்ணன் தடுமாறி, "எங்க நைனா. லியோனார்ட்னு பேரு. ரிடையர் ஆயி வூட்ல கீறாரு" என்று சொல்லிவிட்டான். தங்கை என்று சொன்னால் அடுத்த கேள்வி, எந்தத் தங்கை என்று வரும். இப்படிக் காசிமேட்டுக் கல்லறையில் கிடந்த லியோனார்ட் எழுத்தாளர் ஆனார்.

தொடர் வளர்ந்தது. வஞ்சிக்கொடியைக் குணமாக்க மாறன் ஒரு மந்திரவாதியிடம் போகிறான். மந்திரவாதி கற்றுத்தருகிறான், ஆனால் ஒரு மந்திரத்துக்கு ஒரு ஞாபகத்தை விலையாக எடுத்துக்கொள்கிறான். முதல் மந்திரத்துக்கு மாறனுக்கு அவன் சிறுவயதுப் படகின் பெயர் மறந்துபோயிற்று. அடுத்ததற்கு அவன் அம்மாவின் முகம். கடைசியில் வஞ்சிக்கொடியையே மறந்துவிடுவானோ என்ற பயம் வாசகர்களைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பயம் அடைக்கலமேரிக்கு எப்படித் தெரிந்தது என்றால், கிருஷ்ணப்பன் சலூனில் பத்திரிகையை உரக்கப் படிப்பார்கள். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் அவரே பெஞ்சில் உட்கார்ந்து, சோப்பு நுரையோடு காத்திருப்பவனை மறந்துவிட்டுப் படிப்பார். துறைமுகத்து ஆட்கள் பீடியை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் முழங்காலிட்டு அடைக்கலமேரியும் கேட்பாள். தன் வார்த்தை ஒரு முரட்டு ஆண் குரலில் தெருவைத் தாண்டி வருவது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. அந்தப் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் வஞ்சிக்கொடிக்காக உச்சுக் கொட்டினார்கள். அவர்களில் யாரும் இந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

சலூன் வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கதை கேட்கும் இன்னொருத்தி அங்கம்மா. காத்திவாக்கத்திலிருந்து ரயிலில் இறால் கொண்டுவந்து தெருத்தெருவாக விற்பவள். படிக்கத் தெரியாது. அந்தத் தெருவில் மாடியைப் பார்த்துப் பேசும் ஒரே ஆள் அவள்தான்.

"ஏய் கண்ணு, சொம்மாதானே குந்தினுகீறே, கத கேளு!" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு கீழேயிருந்து ஆரம்பிப்பாள். "அந்த மந்திரவாதி கீறானே, கயிதே, இன்னிக்கு இன்னா பண்ணான் தெர்மா?"

அடைக்கலமேரி ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்பாள். அங்கம்மா சொல்லும்போது கதையில் இல்லாத மீனும், புயலும், மாமியார் ஒருத்தியும் வந்து சேர்ந்துகொள்ளும்.

"ஆனா காட்டேரி ரத்தம் குடிக்குமே அக்கா, பயமா இல்லியா உனக்கு?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"அவ மேல இன்னா தப்பு கீது? எவனோ கடிச்சிட்டுப் பூட்டான். இவ காட்டேரி ஆயிட்டா. கடிச்சவன ஒருத்தனும் கேக்கல பாரு!"

அதைக் கேட்ட பிறகு அடைக்கலமேரி கொட்டகைக்குள் போய் அந்த வார்த்தைகளை அப்படியே ஒரு காகிதத்தில் எழுதி வைத்தாள்.

மாறன் யார் என்று அவளை யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். தினமும் வந்து கதவுக்கு வெளியே உட்காருகிறவன். லூர்துசாமி அப்படி வந்து உட்கார்ந்திருக்கலாம். தண்டையார்பேட்டை ஒன்றும் சிங்கப்பூர் அல்ல. ஜட்கா சத்தம் கேட்டால் முதல் இரண்டு வருஷம் அவள் எட்டிப் பார்த்தாள். பிறகு எட்டிப் பார்க்கும் நேரத்தை மாறனை எழுதுவதில் செலவு செய்தாள். அவள் எழுத எழுத அவன் நல்லவன் ஆகிக்கொண்டே போனான். அதுவும் ஒரு வேதனைதான்.

ஐம்பத்தொன்றில் புது ஊசி கிடைக்க ஆரம்பித்தது. ரயில்வே டாக்டர் ஒருவரைப் பிடித்து அருள்பிரகாசம் அதற்கு ஏற்பாடு செய்தான். மாதக்கணக்கில் ஊசி. இடுப்பில் குத்திக் குத்தி உட்கார முடியாமல் போயிற்று. தலை சுற்றியது. இடது காதில் ரயில் விசில் போல ஒரு சத்தம் ஆரம்பித்து நிற்கவே இல்லை. கடைசியில் அந்தக் காது அடைத்தே போயிற்று. சலூனில் படிப்பது பாதிதான் கேட்டது. ஆனால் இருமல் நின்றது, உடம்பில் சதை வைத்தது. மறு வருஷம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் அண்ணனைத் தட்டிக்கொடுத்தார். "சரியாயிடுச்சுய்யா. இனிமே எல்லாரோடயும் சேந்து இருக்கலாம், சாப்பிடலாம்."

அன்றைக்கு அவள் தலை வாரி, வெளுத்த சேலை கட்டி, படியிறங்கினாள். ஃப்ளோரா அடுப்படியில் இருந்தாள். கைக்குழந்தையாக இருந்தவள் இப்போது நடந்து, பேசி, பாவாடை கட்டியிருந்தாள். "அத்தே!" என்று ஓடிவந்தவளை ஃப்ளோரா தோளைப் பிடித்து மெதுவாகத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. தண்ணீர்க் குடத்தின் பக்கம் அவள் போனபோது அம்மா முந்திக்கொண்டு, "நான் மொண்டு தரேன், நீ குந்து" என்றாள். அலுமினியத் தம்ளரில்தான் தந்தாள்.

"டாக்டரு சொல்லிட்டாரும்மா."

"சொன்னாரு, சொன்னாரு. மாதா கண்ணத் தொறந்தா." அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "ஆனாலும் கண்ணு, கீழ ஒரே புழுக்கம். மேல காத்து நல்லா கீதுல்ல? இன்னும் கொஞ்ச நாளு அங்கயே இரு."

அருள்பிரகாசம் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஊசிக்காக அலைந்தவன் அவன்தான்.

அவள் மேலே ஏறிப் போனாள். நோய் இருந்தவரை அந்தப் படியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூட்டு இருந்தது, அது எப்போதாவது திறக்கும் என்று நினைத்திருந்தாள். இப்போது பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. சாயந்தரம் அம்மா படியின் நடுவில் வந்து உட்கார்ந்து ஜெபமாலை ஆரம்பித்தாள். அடைக்கலமேரி பதில் சொல்லவில்லை. அம்மா தன் பாதியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்து, பிறகு மீதியையும் தானே சொன்னாள்.

அந்த மாதம்தான் அவள் கதையின் முடிவை எழுதினாள். கடைசி மந்திரத்துக்கு மந்திரவாதி கேட்ட விலை, வஞ்சிக்கொடியின் ஞாபகம். மாறன் கொடுத்துவிடுகிறான். மந்திரம் பலிக்கிறது, அவள் தாகம் அடங்குகிறது. அவள் கோட்டைக் கதவைத் திறந்து வெளியே வருகிறாள். வெளியே உட்கார்ந்திருப்பவன், "நீ யாரம்மா?" என்று கேட்கிறான். "இந்தப் பக்கம் வந்தேன். கொஞ்ச நேரம் உட்காரலாமா?" என்கிறாள். அவன் நகர்ந்து இடம் விடுகிறான். அதோடு கதை முடிகிறது.

அண்ணன் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தான். இதழ் வெளிவந்த அன்று அவன் ஷெட்டிலிருந்து திரும்பினால்தான் அது அவள் கைக்கு வரும். மத்தியானமே சலூனில் படித்தார்கள். அவள் நல்ல காதைத் தெருப்பக்கம் வைத்துக்கொண்டு நின்றும் சரியாகக் கேட்கவில்லை. கைதட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. கைதட்டுகிற முடிவை அவள் எழுதவில்லையே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அங்கம்மா வந்தாள். கூடையைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

"போட்டானுங்க கண்ணு! செம்புக்குள்ள போட்டு அடச்சானுங்க!"

"யார?"

"அந்தப் பொண்ணத்தான்! மந்திரவாதி வந்து, மந்திரம் சொல்லி, அவள புகையாக்கி, செம்புல புடிச்சி, வாய ஈயத்தால அடச்சி, எண்ணூர் முகத்துவாரத்துல தூக்கிப் போட்டான். அந்த மாறன் வேற பொண்ணக் கட்டிகினான். இவுங்க இன்னாடான்னா கை தட்டினுகீறாங்க, சோமாரிங்க!"

அடைக்கலமேரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "இல்ல! அப்படி இல்ல!" என்று கத்தினாள். சலூனில் இருந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். இந்தத் தடவை அவள் பின்வாங்கவில்லை.

"அப்டி இல்லன்னு ஒனக்கு எப்டி தெரியும்?"

"நான்தான் எழுதினேன் அக்கா!"

அடைக்கலமேரி படியிறங்கி, அடுப்படியைத் தாண்டி, அம்மாவைத் தாண்டி, தெருவுக்கு வந்தாள். ஜட்காவிலிருந்து இறங்கிய நாளுக்குப் பிறகு, டாக்டரிடம் போனதைத் தவிர, அவள் தெருவில் கால் வைத்ததே இல்லை. தான் எழுதிய முடிவை நடுத்தெருவில் நின்று அங்கம்மாவுக்குச் சொன்னாள். தாறுமாறாகத்தான் சொன்னாள். மூச்சு வாங்கியது.

"அவன் நகந்து இடம் வுட்டானா? அப்பால?"

"அப்பால ஒண்ணும் இல்ல. அவ்ளோதான்."

அங்கம்மா கூடையைச் சலூன் வாசலில் தள்ளி வைத்தாள். பிறகு, "அவ்ளோ போதும்மே" என்றாள். இறால் நாற்றம் அடித்த ஈரக் கையால் அடைக்கலமேரியின் மணிக்கட்டைப் பிடித்தாள். "வா. எவன் மாத்தினான்னு போயி கேப்போம்."

டாக்டரையும் நர்ஸையும் தவிர அவளை ஒருவர் தொட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அச்சகம் வரைக்கும் அங்கம்மா அந்தக் கையை விடவில்லை.

நீலமேகம் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். லியோனார்ட் என்பது இந்தப் பெண்தான் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"ரொம்ப சந்தோஷம்மா. ஆனா காட்டேரிக்கு நல்ல கதி குடுத்தா ஜனங்க ஒத்துக்குவாங்களா? கெட்டது அழியணும். அதான் நானே ரெண்டு பக்கம் எழுதிச் சேத்தேன்."

"அவ கெட்டவ இல்ல சார். அவளுக்கு வியாதி. வியாதி சரியாயிடுச்சு."

"அது சரி. அப்பறம் ஏன் இத்தன நாளா உங்க அண்ணன் நீங்கதான்னு சொல்லல?"

அவள் சொன்னாள். மாடியையும் ஊசியையும் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் நாற்காலி கால் தரையில் உராயும் சத்தம் கேட்டது. வெகு லேசாக அவர் பின்னால் நகர்ந்திருந்தார். தான் நகர்ந்தது அவருக்கே தெரிந்திருக்காது. அடைக்கலமேரிக்குத் தெரிந்தது. படி இறங்கி, ரயில்வே கேட் தாண்டி, இவ்வளவு தூரம் நடந்து வந்தும் அதே மாடியில்தான் நிற்பது போல அவளுக்கு இருந்தது.

"அடுத்த கதை எழுதிக் குடுங்க. கட்டாயம் போடறேன்" என்றார் அவர். "பேரு மட்டும் லியோனார்ட்னே இருக்கட்டும். பொம்பள காட்டேரி கத எழுதறான்னா ஒரு மாதிரி பேசுவாங்க. அந்தப் பழைய முடிவ மறந்துடுங்க. அச்சாயிடுச்சு, அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது."

அங்கம்மா ஏதோ திட்ட வாயெடுத்தாள். அடைக்கலமேரி அவளை அடக்கிவிட்டு எழுந்தாள். "எழுதறேன். ஆனா ஒரு வரிய மாத்துனாலும் அத்தோட நிறுத்திடுவேன்" என்றாள். அவர் தலையாட்டினார். பிறகு அவர் மாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெயரையும் மாற்றவில்லை. லியோனார்ட்தான் கடைசிவரை.

திரும்பும் வழியில் அங்கம்மா கேட்டாள். "எங்கூர்ல எந்தங்கச்சி வூட்டாண்ட ஒரு அற சொம்மா கெடக்குது. ஓலதான். மழைக்கு ஒழுவும். வரியா?"

"எனக்கு இருந்த வியாதி..."

"எங்க வூட்டுக்காரனே அதுலதான் செத்தான். நாந்தான் சோறு ஊட்னேன். எனக்கு இன்னா ஆச்சு? கல்லு மாரி கீறேன்."

சாமான் எடுக்க வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நின்றாள். அழுதாள். "எங்கடி போற? புருஷன் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றாள். போகாதே என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்காகத்தான் அடைக்கலமேரி சேலைகளை அவ்வளவு மெதுவாக மடித்தாள். அண்ணன் ரயிலடி வரை மூட்டையைத் தூக்கிவந்தான். ரயில் நகரும்போது அவன் முகத்தில் துக்கமும் நிம்மதியும் ஒன்றாக இருந்தன. அவனைக் குற்றம் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

காத்திவாக்கத்தில் அவள் கதை எழுதிப் பிழைத்தாள். வருமானம் அரிசிக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருவாள். தண்டையார்பேட்டையில் லூர்துசாமி நன்றாக இருப்பதாகக் கேள்விப்பட்டாள். அந்தக் கட்டு அறுபடவில்லை, அறுக்க வழியும் இல்லை. சில நாள் எண்ணூர் முகத்துவாரத்தின் கரையில் நின்று, தண்ணீர் கடலில் சேரும் இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். பெண்கள் யாராவது வந்து இறால் உரிக்கக் கூப்பிட்டால் போவாள்.

இறால் உரிக்கும்போது ஒரு கதை சொல்லச் சொல்வார்கள். அவளுக்கு வாயால் சொல்ல வராது. நடுவில் நிறுத்தி, இல்லை இல்லை, அதற்கு முன்னால் ஒன்று என்று திருத்துவாள். அவர்கள் சிரித்துவிட்டு, "நீ சொல்லுக்கா" என்று அங்கம்மாவைக் கேட்பார்கள். அங்கம்மா வஞ்சிக்கொடியை ஆரம்பிப்பாள். மாமியார், புயல், ஒரு புதுச் சுறா, எல்லாம் வரும். ஆனால் கடைசியில் மாறன் நகர்ந்து இடம் விடுவான். அதில் மட்டும் அவள் கை வைத்ததே இல்லை. ஒரு தடவை ராயபுரத்திலிருந்து வலை வாங்க வந்த ஒருவன், "அது அப்படி இல்ல, செம்புல போட்டு அடைச்சாங்க, நான் படிச்சேனே" என்று குறுக்கே பேசினான். பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவனை விரட்டாத குறைதான். அடைக்கலமேரி இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு, நல்ல காதை அவர்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.